பத்தடி மயில்

"ஏலேய், மயிலோட தலையைக் காணோம்லே!"

ஊர்க்காவலன் மவுஸைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். இத்தனை நேரம் கொண்டையும் மூக்குமாகத் திரையில் நின்ற மயில் அது. இசக்கிராஜா அளக்கிறேன் என்று டேப்போடு வந்தான். இப்போது கழுத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். மயிலின் அகலம் பத்தடி என்று கம்ப்யூட்டர் சொன்னது. திரைக் கண்ணாடி மேல் டேப்பை வைத்தால் ஒன்றரை அடிகூட வரவில்லை.

"யாரோ பொய் சொல்லுதாங்க," என்றான் இசக்கிராஜா. "டேப் பொய் சொல்லாது. என்கிட்ட எத்தனை வருஷமா இருக்கு!"

அதனால் டேப்பில் பத்தடி வரும்வரை பெருசாக்குவோம் என்று மவுஸ் சக்கரத்தை உருட்டினார்கள். மயில் வளர்ந்தது, வளர்ந்தது, தலை திரையை விட்டு வெளியே போய்விட்டது.

ஆலங்குளத்துப் பிளக்ஸ் கடை அது. ஊர்க்காவலன், இசக்கிராஜா, தவசி மூன்று பேருக்கும் அங்கே சட்டம் அடிக்கிற வேலை, ஏணியில் ஏறிக் கட்டுகிற வேலை. கம்ப்யூட்டரில் வரைவது பிரிஸில்லா அக்கா. அவள் திருநெல்வேலிக்குப் பரீட்சை எழுதப் போய்விட்டாள். முதலாளி அண்ணாச்சி மதுரையில். நாலு மணிக்கு ஊர்க்காவலனின் அக்கா சந்தனமாரி புதுக் கடை திறக்கிறாள். மயில் தையலகம். வீட்டு மூலையில் மெஷினை மிதித்து மிதித்துச் சேர்த்த கடை. அவளே பென்சிலில் ஒரு மயில் போட்டுக் கொடுத்து, "இதுதாம்ல என் கடைக்கு முகம். சொதப்பினே, கொன்னுருவேன்" என்றிருந்தாள்.

"அந்தப் படத்தையே போட்டோ எடுத்துப் பெருசா அடிச்சிரலாமே?" என்று காலையில் ஊர்க்காவலன் பிரிஸில்லா அக்காவிடம் போனில் கேட்டான்.

"சின்னப் போட்டோவைப் பத்தடிக்கு இழுத்தா கட்டம் கட்டமாத் தெரியும்டா. கோடாப் போட்டுட்டா பிளவுஸ் லேபிளுக்கும் அதே மயில்தான், பத்தடி போர்டுக்கும் அதே மயில்தான். படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கோ, அது மேலயே பேனா வச்சுப் புள்ளி புள்ளியா வச்சுட்டுப் போ. கோடு தானா வரும். முடிக்கும்போது ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேரணும், அப்பதான் கலர் நிக்கும். உடம்பு ஒரு லேயர், தோகை அதுக்கு மேல இன்னொரு லேயர். கடைசில அடியில இருக்க போட்டோவை அழிச்சிரு."

"லேயர்னா?"

"கண்ணாடித் தாள் மாதிரிடா. ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வரையுறது. பெல் அடிச்சிட்டான், போனை ஆஃப் பண்ணப் போறேன்."

இப்போது தலையைக் காணோம்.

"எந்தப் பக்கமாப் போச்சு?" என்று கேட்டான் தவசி. மூன்று பேரில் யோசிக்கிறவன் அவன்தான். அதுதான் பிரச்சினையே.

"இடது பக்கமா."

மூவரும் மானிட்டருக்கு இடது பக்கம் எட்டிப் பார்த்தார்கள். காலண்டர்தான் தொங்கியது.

"திரைங்கிறது ஜன்னல் மாதிரி," என்றான் தவசி நிதானமாக. "வீட்டுக்குள்ள இருந்து பாக்கும்போது தெருவுல போற மாடு மறைஞ்சிட்டா, மாட்டைக் குறை சொல்லலாமா? ஜன்னல் அங்க இல்லங்கதுதான் காரணம்."

மேஜையைத் தூக்கி இடது பக்கம் ரெண்டடி நகர்த்தினார்கள். நகர்த்தும்போது இசக்கிராஜாவின் முழங்கை மவுஸ் சக்கரத்தில் பட்டது. மயில் சுருங்கியது. தலை வந்துவிட்டது.

"வந்துட்டுல்லா!" என்றான் தவசி. அதற்குப் பிறகு அவனை யாரும் கையில் பிடிக்க முடியவில்லை.

கழுத்து வரைய மேஜை வலது பக்கம் போனது. கால் நகம் வரைய மானிட்டரைத் தரையில் வைத்தார்கள். ஊர்க்காவலன் குப்புறப் படுத்துப் புள்ளி வைத்தான். கொண்டைக்குத் தவசி மானிட்டரைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றான். வயரின் நீளம்தான் அவர்களைக் கடைக்குள்ளேயே வைத்திருந்தது, இல்லாவிட்டால் வால் வரைய பஸ் ஸ்டாண்டுக்கே போயிருப்பார்கள்.

"ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேரணும்னாங்களே?" என்றான் ஊர்க்காவலன் பதறிப்போய்.

"அதெல்லாம் மறப்பனா?" இசக்கிராஜா தரையைக் காட்டினான். மேஜை முதலில் நின்ற இடத்தில் நாலு காலுக்கும் சாக்பீஸில் வட்டம் போட்டு வைத்திருந்தான். மேஜையைச் சுமந்துவந்து வட்டத்துக்குள் இறக்கினார்கள். ஊர்க்காவலன் கடைசிப் புள்ளியை முதல் புள்ளிமேல் வைத்தான். நீலம் போட்டான். நின்றது.

"பாத்தியா, ஒரு இஞ்சு தள்ளி வச்சிருந்தா நின்னிருக்காது," என்றான் இசக்கிராஜா.

அடுத்தது தோகை. அதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. கடையில் கண்ணாடித் தாள் கட்டுக்கட்டாக இருந்தது. ஒன்றை வெட்டித் திரைமேல் ஒட்டினார்கள். பச்சை, நீலம், மஞ்சள் மார்க்கரால் ஊர்க்காவலன் கண்கண்ணாகத் தோகை போட்டான். நிஜமாகவே நன்றாக வந்தது. அவனுக்கே கண் கலங்கியது.

"கம்ப்யூட்டர் கத்துக்கிறதுக்கு ஏன் பரீட்சையெல்லாம் வைக்காங்க? லேசா இருக்கு," என்றான்.

இசக்கிராஜா பிளக்ஸ் அடிக்கிற மெஷினில் பச்சைப் பொத்தானை அமுக்கினான். அடித்து வந்ததை யாரும் பார்க்கவில்லை. திறப்பு விழா போர்டைத் திறக்கிறவர்தான் முதலில் பார்க்கணும் என்பது அண்ணாச்சியின் சட்டம். ஆகவே மூன்று பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பிளக்ஸை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டே சட்டத்தில் அடித்தார்கள். தவசியின் கட்டைவிரல் வீங்கிப்போனது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

நாலு மணி. புதுக் கடை வாசலில் சந்தனமாரி பட்டுச் சேலையில் நின்று கயிற்றை இழுத்தாள். போர்டை மூடியிருந்த துணி விழுந்தது.

பத்தடி அகலத்துக்கு ஒரு கோழி. நீலமாக, மொழுமொழுவென்று, ஒரு இறகு இல்லாமல். கீழே 'மயில் தையலகம்'.

மொபெட்டில் போனவர் காலை ஊன்றி நிறுத்தினார். "கறி எப்பம்மா வெட்டுவீங்க?"

"கோழிக்கும் ஜாக்கெட் தைப்பாங்க போல," என்றது பக்கத்து டீக்கடை. "பாவம், துணியில்லாம நிக்குல்லா."

சந்தனமாரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊர்க்காவலன் பிளக்ஸ் கடைக்கு ஓட்டமாக ஓடினான். மானிட்டரில் தோகை பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"மேல ஒட்டிருவோம்," என்றான் இசக்கிராஜா.

"ஒன்றரை அடித் தாளு, பத்தடி மயிலு. நகத்துக்குக்கூடக் காணாதுலே," என்றான் தவசி.

கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஊர்க்காவலன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினான். ஒரு கண்ணை மூடினான். அப்படியே நின்றுவிட்டான்.

தாளுக்குப் பின்னால் தூரத்தில் கோழி. கோழிக்கு மேல் தோகை. அளவு எடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது.

"மயிலு! அக்கா, மயிலு வந்துட்டு!"

முதலில் மொபெட்காரர் வந்து பார்த்தார். "அட!" என்றார். அப்புறம் டீக்கடை. அப்புறம் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள். ஊர்க்காவலன் ரெண்டு கையாலும் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரிசை உருவாகிவிட்டது. சந்தனமாரியும் ரோட்டைத் தாண்டி வந்தாள். குனிந்து பார்த்தாள். வந்த அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது.

"என் மயிலுதாம்ல," என்றாள். பின்னால் நின்றவள், "கடை உன்னுதா? பிளவுஸ் தைப்பியா?" என்று கேட்க, இடுப்பிலிருந்த டேப்பை உருவி அங்கேயே அளவு எடுக்க ஆரம்பித்தாள்.

பிரிஸில்லா அக்காவின் போன் வந்தது. தவசி அதை ஊர்க்காவலன் காதில் வைத்தான்.

"தோகையை மேல் லேயர்ல போட்டியாடா?"

"போட்டாச்சுக்கா. அதைத்தான் கையில பிடிச்சிட்டு நிக்கேன்."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

"ஏல, விளையாட்டு போதும்," என்று சந்தனமாரி அளவு எடுத்துக்கொண்டே கத்தினாள். "பொழுது சாயுறதுக்குள்ள அந்தக் கோழியைக் கீழ இறக்கு!"

"இந்தா இறக்கிட்டேன்க்கா," என்றான் ஊர்க்காவலன்.

இறக்கவில்லை. ஏணி பிடிக்கக் கை வேண்டும். ரெண்டு கையிலும் தோகை இருந்தது, வரிசையில் இன்னும் ஆள் இருந்தது.