மூன்றாவது அகப்பை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால் செவ்வாறு என்று ஓர் ஆறு ஓடியது. அதன் கரையில் ஏழு ஊர்கள் இருந்தன. ஓர் ஐப்பசி மாதம் கரை உடைந்தது. காலையில் ஏழு ஊர் இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஒன்றுகூட இல்லை.

அந்த ஊர்களில் ஒன்றில் வேம்பாயி என்ற ஓடக்காரி இருந்தாள். அவளும் அவள் புருஷன் இருளப்பனும் ஏழு வயது மகள் செவ்வந்தியைக் கூரைமேல் உட்காரவைத்துவிட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவர்களைக் காப்பாற்றப் போனார்கள். ஒருமுறை போனார்கள், ஓடம் நிறைய ஆட்களை மேட்டில் இறக்கினார்கள். இரண்டாம் முறை போனார்கள், இறக்கினார்கள். மூன்றாம் முறையும் இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் கூரையைக் காணோம். மகளையும் காணோம்.

பிழைத்தவர்கள் நாலாயிரம் பேர். நடந்து நடந்து தலைநகருக்கு வந்தார்கள். ராஜா கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. வெளியே பொட்டலில் தங்கச் சொன்னார். அவர்கள் அங்கே உட்கார்ந்து அழுதார்கள்.

"கரை விரிசல் விட்டிருக்குன்னு மூணு தடவை வந்து சொன்னோமே, மகாராஜா! ஏன் கேக்கல?"

அந்தக் கேள்வி மதில் தாண்டி அரண்மனைக்குள் வந்தது. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. காளிங்கன் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டார்.

"இவ்வளவுதானே?" என்றான் காளிங்கன். "பசியை ஆத்துறேன். கேள்வியையும் நிறுத்துறேன்."

பொட்டலின் நடுவில் ஒரு கறுப்புப் பானையை வைத்தான். எடுக்க எடுக்கக் கஞ்சி குறையவில்லை. முதல் அகப்பை குடித்தால் பசி போனது. இரண்டாம் அகப்பை குடித்தால் உடம்பு வலி போனது. மூன்றாம் அகப்பை குடித்தால், செத்துப்போனவர்களின் நினைப்பே போனது.

இருளப்பன் மூன்று அகப்பையும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"செவ்வந்தி இருந்தா இந்தக் கஞ்சிக்கு வெல்லம் கேப்பா" என்றாள் வேம்பாயி.

"யாரு செவ்வந்தி?" என்றான் அவன்.

வேம்பாயி கையிலிருந்த கஞ்சியைக் கீழே ஊற்றினாள். அன்றிலிருந்து அகழியோரத்துக் கீரையைப் பறித்து வேகவைத்துத் தின்றாள். பொட்டலில் எல்லோரும் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். அவள் ஒருத்திதான் அழுதாள். யாரும் இனிக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று கோட்டைக் கதவையும் திறந்துபோட்டுவிட்டார்கள்.

ஒருநாள் நடுப்பகலில், அந்தப் பக்கம் வந்த வேம்பாயியிடம் பானை முனகியது.

"கனக்குது, அம்மா. நாலாயிரம் பேரோட நினைப்பும் என் வயித்துக்குள்ள கிடக்கு. தாங்க முடியல."

"அப்ப உடைஞ்சு போயேன்!"

"நானா உடைய முடியாது. உன் கதையை முதல்லேருந்து கடைசி வரைக்கும் கேட்ட ஒருத்தர் கையால ஒரு பிடி அரிசி வாங்கிட்டு வா. அதை எனக்குள்ள போடு."

வேம்பாயி கோட்டைக்குள் போனாள். முதலில் ஓர் அரிசி வியாபாரி வீடு.

"வெள்ளத்துல வந்தவளா? இந்தா, ஒரு மூட்டையே எடுத்துக்க."

"ஐயா, எனக்கு நடந்ததைக் கொஞ்சம் கேளுங்க..."

"அதெல்லாம் எதுக்கும்மா? கிளம்பு, கிளம்பு."

மூட்டையைச் சுமந்துவந்து பானையில் கொட்டினாள். பானை விழுங்கியது, உடையவில்லை.

இரண்டாவது, மந்திரி வீடு. மந்திரியின் மனைவி உட்காரவைத்துக் கேட்டாள், கண் கலங்கினாள். கதை கூரைக்கு வந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்மா! என் நெஞ்சு தாங்காது." ஒரு கிண்ணம் அரிசியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அதற்கும் பானை உடையவில்லை.

கால் போன போக்கில் நடந்த வேம்பாயி, மதிலுக்கு வடக்கே, செவ்வாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாசாணம் என்ற வெட்டியான் அங்கே குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன தாயி, யாரைத் தேடுற?"

அவள் சொல்லத் தொடங்கினாள். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே குந்தினான். ஓடத்தைச் சொன்னாள், கூரையைச் சொன்னாள், கூரை இல்லாமல் போனதையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டான்.

"புள்ள என்ன உடுத்தியிருந்துச்சு?"

"மஞ்சப் பாவாடை, அண்ணே. ஒரு காதுலதான் தோடு. இன்னொண்ணைத் தொலைச்சுட்டா."

மாசாணம் கை மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"ஆறு கொண்டுவந்து ஒதுக்கினவங்களை எல்லாம் நான்தான் அடக்கம் பண்ணேன், தாயி. கேட்டு வர ஆளில்ல. ஆளுக்கு ஒரு கல்லு நட்டு வச்சிருக்கேன். வா."

நாவல் மரத்தடியில் ஒரு சின்னக் கல் இருந்தது. வேம்பாயி அதைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் எழுந்ததும், கேட்காமலே அவன் துண்டு முடிச்சை அவிழ்த்தான்.

"இன்னிக்கு எனக்குன்னு இருக்கறது ரெண்டு பிடி அரிசி. ஒரு பிடி நீ பொங்கித் தின்னு. பட்டினி கிடக்காத."

அந்தப் பிடியை வேம்பாயி கொண்டுவந்து போட்டதும் பானை பெருமூச்சு விட்டு மூன்றாகப் பிளந்தது. கஞ்சி மண்ணுக்குள் போனது. ஒருத்தி தன் தம்பி பெயரைச் சொல்லி அலறினாள். ஒரு கிழவர் தன் மனைவி பெயரைச் சொன்னார். பிறகு நாலாயிரம் பேரும் அழுதார்கள்; மதில் அதிர்ந்தது.

பானையிலிருந்து கிளம்பிய துக்கமெல்லாம் காளிங்கன் நெஞ்சு வழியாகத்தான் போனது. யாருக்காக அழுகிறோம் என்றே தெரியாமல் அழுதுகொண்டு, மந்திரக்கோலை எறிந்துவிட்டு நாட்டைவிட்டே போனான்.

நகரத்தார் வெளியே வந்தார்கள். அரிசி வியாபாரி புழுதியில் உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டார். மந்திரி மனைவி இந்தமுறை காதைப் பொத்தவில்லை. ராஜா செருப்பில்லாமல் வந்து நின்றார்.

"மூணு தடவை சொன்னீங்க. நான் கேக்கல. தப்பு என்னோடது."

கிழக்கு மேட்டில் நிலம் கொடுத்தார். அடுத்த மழைக்கு முன்னால் வீடுகள் எழுந்தன. நாலாயிரம் பேரும் சேர்ந்து நடு வீட்டை மாசாணத்துக்கென்று விட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. பானை உடைந்த அன்று இருளப்பன் பொட்டலின் நடுவில் அங்குமிங்கும் தேடிக்கொண்டு நின்றான்.

"வேம்பு, நம்ம புள்ள எங்க?"

அவள் அவன் கையைப் பிடித்து நாவல் மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அவன் அந்தக் கல்லின்மேல் விழுந்து அழுதான். வேம்பாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தனை நாளும் ஒற்றையாக அழுதவளுக்கு, அன்றைக்குத்தான் கூட அழ ஓர் ஆள் கிடைத்தது.