மேள வேகத்தில் ஒரு கார்

குருவுக்கு நாற்பது வயது. சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபது. உடுமலைக்குத் தெற்கே ஒரு சின்ன மடத்தில் மதியச் சோறு போடும், குருவான அந்த அம்மாவைத் தவிர நாச்சிமுத்து யாருக்கும் தலை குனிந்ததில்லை. ஏன் அங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "போனா மனசு அடங்குதுங்க" என்பார். படி இறங்கியதும் அது மறுபடி கிளம்பிவிடும் என்பது வேறு விஷயம்.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் தாரணியின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு என்னோட கார்தானுங்கம்மா. நானே ஓட்டறேன். அது நடுவழியில நிக்காம இருக்க நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்."

அந்தக் கார் அவர் பிறந்த காலத்து மாடல். யாரோ ஒருவரின் தோப்புக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கினார். இன்ஜின் இறுகிப் போயிருந்தது. டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது, வாசலில் நின்ற தம்பி சென்னியப்பன் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.

"ஏண்ணா, நீ வாங்குனது காரா, டிராக்டரா?"

தெருவும் சேர்ந்து சிரித்தது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அதன் பிறகு நாச்சிமுத்து இன்ஜினை அக்கக்காகக் கழற்றினார், பிஸ்டன் மாற்றினார், எல்லாவற்றையும் தாமே பூட்டினார். ஸ்பானர் எடுத்துத் தரக்கூட ஒருவரைக் கிட்டே விடவில்லை.

அம்மா பத்திரிகையைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"தம்பிக்குப் பத்திரிகை வெச்சாச்சுங்களா?"

"அனுப்பியாச்சுங்க."

"வெச்சாச்சான்னு கேட்டேன்."

"தபால்ல போட்டுட்டனுங்க."

கூடப் பிறந்தவனுக்குத் தபாலில் பத்திரிகை போடுவது, வராதே என்று சொல்லி அனுப்புவதற்குச் சமம். அது அவருக்கும் தெரியும்.

"வண்டி நின்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்றார் அம்மா.

"நிக்காதுங்கம்மா. பழனி வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன். பறக்குது."

"சரிங்க."

அழைப்பன்று மாலை பிள்ளையார் கோயிலிலிருந்து கார் கிளம்பியது. கறுப்பு வர்ணத்தில் முகம் பார்க்கலாம். பின் சீட்டில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. முன்னால் சீர்த்தட்டுப் பெண்கள், அவர்களுக்கும் முன்னால் மேளம். நாதஸ்வரக்காரர் நல்ல ரசிகர். முச்சந்திக்கு முச்சந்தி நின்று வாசித்தார்.

பழனி ரோட்டில் காற்று வாங்கிக்கொண்டு பறந்த இன்ஜின், மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வெந்துபோனது. அப்படி ஓட்டிப் பார்க்க நாச்சிமுத்துவுக்குத் தோன்றவே இல்லை. மண்டபத்துக்கு முந்தைய மேட்டில் பானட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கார் நின்றது. மேளமும் நின்றது.

உறவுக்காரர்கள் தள்ள வந்தார்கள்.

"யாரும் கை வெக்காதீங்க!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

பானட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சாவியைத் திருகினால் முனகல் மட்டும் வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி அருகில் வந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"வேற வண்டிக்குச் சொல்லட்டுங்களா?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நாச்சிமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெண்ணின் கல்யாணத்தில் சம்பந்தி முன்னால் இப்படியா என்றிருந்தது.

கூட்டத்தில் வந்துகொண்டிருந்த அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். காருக்குப் பின்னால் போய் டிக்கி மேல் இரண்டு கையையும் வைத்தார்.

நாச்சிமுத்து பதறி ஓடினார். "அம்மா, நீங்க போயி இதை..."

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்க."

நாச்சிமுத்து தலை நிமிர்ந்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஞ்சர் கடை ஓரமாகச் சென்னியப்பன் நின்றிருந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. அழைப்பில் சேரவும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் மனமில்லை. தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணம் அல்லவா?

நாச்சிமுத்து ஒரு சீர்த்தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தார். ரோட்டைக் கடந்து போய், கிரீஸ் கையாலேயே நீட்டினார்.

"கல்யாணத்துக்கு வா, சென்னி. வண்டி நின்னுபோச்சு."

சென்னியப்பன் கறை பட்ட வெற்றிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கி மடியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டிராக்டர் கொண்டாரட்டுமாண்ணா?"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தடவை ஆரம்பித்த சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை.

"தள்ளுனாப் போதும், வாடா."

மாப்பிள்ளை மாலையோடு முன் சீட்டுக்கு மாறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாதஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அம்மா நடுவில், இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும், அவர்களைச் சுற்றி உறவுக்காரர்கள். சம்பந்திகூட ஒரு கை வைத்தார். கார் மேள வேகத்தில் மேடேறியது.

மண்டபத்து வாழைமரம் கண்ணில் பட்டது. வாசலில் தாரணி சித்தப்பாவைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்துவுக்குப் பழைய ஆசை எட்டிப் பார்த்தது.

"அம்மா, இன்ஜின் இந்நேரம் ஆறியிருக்கும். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுங்களா?"

அம்மா டிக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னை எதுக்குங்க கேக்கறீங்க? உங்க தம்பியைக் கேளுங்க."