எக்ஸ்ரே கோட்டில் ஒரு மேடு

ஐம்பது வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போனால் ஊர் சும்மா இருக்குமா? பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கப் போய்விட்டார் என்று சவரிமுத்து வாத்தியாரைச் சொந்தக்காரர்களே கேலி பேசினார்கள். அவருடைய வழிகாட்டி தாட்சாயணி அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். இவர் 'மேடம்' என்பார். அந்தம்மா 'சார்' என்பார்.

நம் பால்வெளியின் நடுவே ஒரு கருந்துளை இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றும் வாயு திடீரென்று பளிச்சிடும்போதுதான் அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பிடிபடும். ரேடியோ, அகச்சிவப்பு, எக்ஸ்ரே என்று ஒவ்வோர் ஒளிக்கும் ஒரு குழு. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்து, பளிச்சிடல் எதில் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று ஒப்பிட்டுக் காரணத்தைப் பிடிப்பதாக ஏற்பாடு. எக்ஸ்ரே சவரிமுத்துவின் பங்கு.

அகச்சிவப்புக்காரர்கள் பளிச்சிடலைப் பிடித்துவிட்டார்கள். பின்னாலேயே ரேடியோக்காரர்களும். சவரிமுத்துவின் எக்ஸ்ரே வரைபடத்தில் மட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பாவம், மனுஷன் நொந்துபோனார். இதை நம்பித்தானே ஆய்வேடே இருக்கிறது! மற்றக் குழுக்களோ அவர் கோட்டுக்காகக் காத்திருந்தன. கருவியில் வேண்டாமல் பதியும் இரைச்சலைக் கழிக்கும் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார். சின்னதாக ஒரு மேடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போனார்.

தாட்சாயணி படத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எக்ஸ்ரேயிலயும் இருக்கா, சார்?"

"லேசா இருக்கு, மேடம்."

தாட்சாயணி கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் தம்பியின் கதையைச் சொன்னார்.

சின்ன வயதில் தம்பிக்கு வயிற்றுவலி வந்ததாம். டாக்டர் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். வாந்தி உண்டா? இல்லை. பேதி? இல்லை. இருமல்? இல்லை. எதைக் கேட்டாலும் இல்லை இல்லை என்று சொல்ல அம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி காய்ச்சல் அடித்ததா என்று கேட்டதும், இல்லாத காய்ச்சலை லேசாக இருந்தது என்று சொல்லிவிட்டார். டைபாய்டாக இருக்கும் என்று டாக்டர் அதற்கு மருந்து கொடுத்து அனுப்பினார். பையனுக்குக் குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது.

சவரிமுத்து டீயைத் தொடவில்லை.

"தம்பி..."

"பிழைச்சுட்டான். ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தினதும் அதே டாக்டர்தான்."

"அம்மாவை நல்லாத் திட்டியிருப்பாரே, மேடம்?"

"திட்டலை, சார். 'காய்ச்சல் இல்லைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேனே அம்மா'ன்னு மட்டும் சொன்னாராம்."