பட்டா, வாழைநாரா?

அந்த ஆய்வகத்து மாணவர்களில் தலை நரைத்தவர் குழந்தைவேலு ஒருவர்தான். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர். நெறியாளர் மெஹருன்னிசா வயதில் இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

வாழைநாரின் செல்லுலோஸையும் பட்டுக்கூட்டின் புரதத்தையும் கரைத்துக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய படலம் கிடைக்கும். தீக்காயத்தின் மேல் ஒட்டலாம். கிடைத்தால்தானே! பிளேடால் நெம்பி எடுக்கும்போதெல்லாம் அப்பளம்போல் நொறுங்கியது. பட்டைக் கூட்டினார், நாரைக் குறைத்தார். பிறகு மாற்றிப் பார்த்தார். நொறுங்குவது மட்டும் மாறவில்லை.

நாளை ஆய்வுக் குழு வருகிறது. முழுப் படலம் ஒன்றைக் காட்டாவிட்டால் அவருடைய பதிவு ரத்து. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தட்டு. ஒரு கையில் அதையும் மறுகையில் பிளேடையும் பிடித்துக்கொண்டு மேடம் முன்னால் போய் நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். என் காலை வாருறது பட்டா, வாழைநாரா?"

"உங்களுக்கு என்ன தோணுது சார்?"

"விடிஞ்சா பட்டுன்னு தோணுது. பொழுது சாஞ்சா நாருன்னு தோணுது. தலையே சுத்துது."

மெஹருன்னிசா தட்டை வாங்கி, பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியில் அப்படியே அமிழ்த்தினார்.

குழந்தைவேலுவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "ஐயோ மேடம், கரைஞ்சிடும்!"

முதல் வருடம் அப்படித்தான் கரைந்தது. அதன் பிறகு படலத்தை மெத்தனாலில் நனைத்துப் புரதத்தை இறுக்கக் கற்றுக்கொண்டார். ஆனாலும் சூடு கண்ட பூனை, தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

"மெத்தனால் போட்டீங்கதானே?"

"போட்டேன்..."

"அப்ப உக்காருங்க. டீ சாப்பிடுங்க."

டீயைத் தொடாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். படலத்தின் ஓரம் மெல்ல எழும்பியது. கொஞ்ச நேரத்தில் முழுசாகக் கழன்று மிதந்தது. மேடம் அதை எடுத்து அவருடைய இடது மணிக்கட்டில் சுற்றிவிட்டார். ஒரு கீறல்கூட இல்லை.

சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது. குழப்பம் மட்டும் தெளியவில்லை.

"எல்லாம் சரி மேடம். பட்டு, நாரு, ரெண்டுல எது மேல குத்தம்? அதை நீங்க சொல்லவே இல்லையே?"

மேடம் அவருடைய வலது கையைப் பார்த்தார். அதிலிருந்ததை அவர் இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.

"பிளேடைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே சார்."