செல்லக்கனி ஒளித்த சுத்தியல்

தூத்துக்குடிப் பக்கம் சுவருக்குப் பூசும் பட்டி மாவு ஆலை ஒன்று. அங்கே புதிதாக வந்திறங்கிய, புனல் வடிவ இரும்புத் தொட்டிதான் முதலாளி ஞானராஜின் பெருமை. "மாவு தானா இறங்கணும். தொட்டியில எவன் சுத்தியலால தட்டினாலும் வேலை போச்சு" என்றார். மாவு அடைத்தபோது தட்டிய இசக்கிமுத்துவை அன்றே விரட்டினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் வியாபாரிகள் பார்க்க வந்த நேரத்தில் மாவு மறுபடி அடைத்துக்கொண்டது.

"ஏட்டி செல்லக்கனி, சுத்தியல் எங்கே? நானே தட்டுறேன்!"

மூட்டை தைக்கும் செல்லக்கனி கைகட்டி நின்றாள். "ஒளிச்சு வச்சிட்டேன் மொதலாளி. தட்டுனா வேலை போயிரும்னீங்களே. நீங்களும் போயிட்டா ஆலையை யாரு பாப்பா?"

வியாபாரிகள் சிரித்தார்கள். முதலாளி அசடு வழிந்து, "இசக்கியை வரச் சொல்லு" என்றார்.

செல்லக்கனி ஆசையாகப் போன் போட்டாள். கேரளத்துக் கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட இசக்கிமுத்து, கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கேட்டான்:

"இந்த வாயை அன்னைக்கே திறந்திருக்கக் கூடாதாக்கா?"