பின் சீட்டில் ஏறியவள்

போடி மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஜெஸிந்தாவின் ஒர்க்‌ஷாப். அவளுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் பழக வந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு. வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், மனிதர் ஸ்பேனரைப் பிடித்தார். வேலை படிந்ததோ இல்லையோ, சந்தேகம் நன்றாகப் படிந்தது.

அவர் முறுக்கிய நட்டை அவள் தொட்டால் சந்தேகம். டீ வாங்கி வரச் சொன்னால் அதைவிடச் சந்தேகம்: நம்மை அனுப்பிவிட்டு நம் வேலையைத்தான் பிரித்துப் பார்க்கிறாள். எட்டு மாதமாக ஒரு வண்டியைக்கூட அவர் கையால் ஒப்படைக்க விட்டதில்லையே.

அன்று வந்தது எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவரின் பழைய பைக். ஆக்சிலேட்டரை முறுக்கினால் முறுக்கிய இடத்திலேயே நின்றுவிடும். கையை எடுத்தாலும் திரும்பாது. மலை இறங்கும்போது அப்படி நின்றால் நேரே பள்ளம்தான்.

"இது முழுக்க உங்க வண்டி அண்ணே" என்றாள் ஜெஸிந்தா.

கோமதிநாயகம் ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றினார். அழுக்கெடுத்து, எண்ணெய் விட்டு, மாட்டினார். முறுக்கி விட்டால் டப்பென்று திரும்பியது.

"முடிஞ்சுது. அவருக்குப் போன் போடு."

ஜெஸிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வண்டியருகே வந்தாள். அவருக்குச் சுருக்கென்றது.

"செக் பண்ணப் போறியாக்கும்?"

"இல்லையே."

"நான் அந்தப் பக்கம் போனதும் பிரிப்பே. எனக்குத் தெரியாதா? இன்னிக்கும் நீ கை வச்சா, நாளையிலேர்ந்து நான் வரலம்மா."

"கை வைக்கல."

"அப்போ என்னை நம்புறியா?"

அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மூணாவது கொண்டை ஊசி வரைக்கும் ஏறி இறங்கலாம். எடுங்க."

இதில் என்ன சூதோ என்று திரும்பிப் பார்த்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன. எதிர்க்கடை வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதைத்தார். இன்ஜின் சீராக ஓடியது. சாலையில் ஏற ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தார். அவர் முறுக்காமலே இன்ஜின் இரைந்து ஏறியது. நேராக்கினார், தணிந்தது. ஒடித்தார், ஏறியது. திரும்பும்போது உள்ளே ஏதோ கேபிளைப் பிடித்து இழுக்கிறது.

கேபிளை மாட்டிப் பார்த்தபோதும் ஒருமுறை இப்படிக் கேட்டது. பிரமை என்று விட்டிருந்தார்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும். என்னைச் சோதிக்கத்தான் ஏறினே."

"நீங்க சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க, ஏறினேன்" என்றாள் ஜெஸிந்தா, இறங்காமல். "நான் உங்களை நம்புறேனான்னு எட்டு மாசமா பார்க்கிறீங்க. இப்போ வண்டியை நிறுத்தினது யாருண்ணே?"

கோமதிநாயகம் ஸ்பேனரை எடுக்க இறங்கினார்.