ஏரி நடுப்பாறையில் ஒரு வழக்கு

ஏரிக்கரையில் மூக்காயி என்று ஒரு வயலெலி இருந்தது. இரண்டு நாளில் அதற்குக் குட்டி பிறக்கப் போகிறது. ஆனால் முந்தின நாள்தான் அதன் வளைக்குள் தண்ணீர் புகுந்து, வளை இடிந்துபோனது.

மூக்காயி முதலில் பயப்படவில்லை. எலிகளுக்கும் முள்ளம்பன்றிகளுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒவ்வோர் அறுவடைக்கும் எலிகள் கதிர் கொண்டுபோய்க் கொடுக்கும். மழைத் தண்ணீரில் எந்த எலியின் வளை இடிந்தாலும், முள்ளம்பன்றிகள் மேட்டில் புது வளை தோண்டித் தரும். மேட்டு மண் கல் போன்றது. எலியின் நகத்துக்கு அது அசையாது.

மூக்காயி கனத்த வயிற்றோடு மெல்ல நடந்து, முள்ளம்பன்றிகளின் தலைவன் கூரனிடம் போனது.

"கூரண்ணே, வளை போயிடுச்சு. ஒரு வளை தோண்டிக் கொடுங்க."

கூரன் அண்ணாந்து பார்த்தது. "வானத்துல மேகமே இல்லையே தங்கச்சி. எந்த மழையில இடிஞ்சுது?"

"மலையில பெஞ்ச மழைண்ணே. ஏரி ரொம்பி, கரை உடைஞ்சு, தண்ணி வந்துடுச்சு."

"அப்போ அது ஏரித் தண்ணி. நாம பேசினது மழைத் தண்ணி."

"கதிர் வாங்கும்போது இதெல்லாம் சொல்லலையே?"

"பேசினது பேசினபடிதான். ஒத்துக்கலைன்னா ஆமைகிட்டப் போவோம். அதையும் அன்னைக்கே பேசியிருக்கோம்."

அது உண்மைதான். தகராறு வந்தால் காட்டுத் தலைவியான யானையிடம் போகக்கூடாது, ஏரி நடுப்பாறையில் இருக்கும் ஆமை சொல்வதே முடிவு என்று பேசியிருந்தார்கள். ஆமை தன் வீட்டைத் தானே சுமக்கிறது. யாருக்கு வளை கிடைத்தாலும் அதற்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஆனால் பாறைக்கு நீந்தித்தான் போக வேண்டும். இந்த வயிற்றோடு மூக்காயியால் முடியாது. வேறு வழி தெரியாமல் அது யானையைத் தேடி நடந்தது. கூரனும் பின்னாலேயே போனது.

வழியில் ஓர் அணில் மூக்காயியின் காதோடு சொன்னது: "ஆமையைப் பத்தி எதுவும் பேசலைன்னு சொல்லிடு. யானை மனசு இளகினது, உடனே விசாரிக்கும். சாட்சியா இருக்கு?"

யானை எல்லாவற்றையும் கேட்டது. பிறகு மூக்காயியிடம் குனிந்தது.

"ஆமைகிட்டப் போறதா நீ ஒத்துக்கிட்டியா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஒத்துக்கிட்டேன் யானையம்மா. அவசரத்துல சரியாக் காதுல வாங்கல. ஆனா சரின்னு சொன்னேன்."

"அப்படின்னா நான் விசாரிக்கக் கூடாது. ஆமைதான் விசாரிக்கணும்."

மூக்காயியின் கண் நிறைந்துவிட்டது. கூரன் துள்ளியது. "நான் நீந்திப் போய்ப் பாறையில இருக்கேன். அது வரும்போது வரட்டும்."

"நில்லு கூரா," என்றது யானை. "நீ முன்னாடி போனா முன்னாடி பேசிடுவே. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போகணும். ஆமைகிட்டப் போங்கன்னு சொல்றவ, போறதுக்கு வழியும் பண்ணணும். ஏறுங்க ரெண்டு பேரும்."

அது மண்டியிட்டது. மூக்காயி தலையில் ஏறியது. கூரன் முதுகில் ஏறியது.

"முள்ளை மடக்கிக்கோ. காதுப் பக்கம் வந்தே, ஏரியிலேயே விட்டுடுவேன்."

யானை தண்ணீரில் இறங்கி மெல்ல நடந்தது. இருவரையும் பாறையில் இறக்கிவிட்டுத் திரும்பி நின்று, காதுகளை விசிறத் தொடங்கியது.

"உங்களுக்குத்தான் எல்லாம் கேட்குமே," என்றது கூரன்.

"அதனாலதான் எதுவும் காதுல விழாம ஆட்டிக்கிட்டே இருக்கேன். இது என் வழக்கில்ல."

ஆமைக்கு வயது அதிகமில்லை. குரலும் சின்னது. "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போன மாசம் நான் கவுந்து கிடந்தப்போ, கூரன் மகன்தான் புரட்டி விட்டான். அதனால நான் அந்தப் பக்கம் சாய்வேன்னு தோணினா, வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

மூக்காயி சற்று யோசித்தது. "கவுந்து கிடந்தா யாரானாலும் புரட்டித்தான் விடணும். நீங்களே கேளுங்க."

"சரி. என்கிட்ட ஒரு வழக்கம் உண்டு. இங்க யாரும் தன் நியாயத்தைச் சொல்லக்கூடாது. எதிராளியோட நியாயத்தைச் சொல்லணும். மூக்காயி, நீ ஆரம்பி."

மூக்காயி கூரனின் கால்களைப் பார்த்தது. "இந்த மாசம் மட்டும் பதினோரு வளை தோண்டியிருக்காங்க. அண்ணனோட முன்னங்காலைப் பாருங்க. நகம் தேஞ்சு ரத்தம் கட்டியிருக்கு. கரை உடைஞ்ச தண்ணிக்கும் தோண்டணும்னா, இன்னும் எத்தனை எலி வந்து நிக்குமோ. அவங்க எப்படித் தாங்குவாங்க?"

கூரன் அந்தக் காலை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. பிறகு அதன் முறை வந்தது.

"மூக்காயி ஒரு அறுவடையைக்கூட விட்டதில்ல," என்றது. "போன வருஷம் பூச்சி விழுந்து பயிர் போச்சு. அப்பவும் பாதிக் கட்டு கொண்டாந்து வெச்சுட்டு, மீதிக்கு மன்னிப்புக் கேட்டுச்சு."

"அது அவ குணம். நியாயத்தைச் சொல்லு," என்றது ஆமை.

"ஏரித் தண்ணி, மழைத் தண்ணின்னு அது பிரிச்சுப் பார்க்கல. வளைக்குள்ள தண்ணி வந்தா நாங்க வருவோம்னு நம்பித்தான் கதிர் கொடுத்துச்சு." கூரனின் முட்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. "அப்படி நம்புதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன்."

ஆமை கூரன் பக்கம் திரும்பியது.

"ஏரிக்குத் தண்ணி எங்கேர்ந்து வந்துது கூரா?"

"வானத்துலேர்ந்துதான்."

"அப்போ வளை தோண்டணும். ஆனா இந்தக் காலோட தனியா வேண்டாம். நீ மண்ணைப் பேர்த்துப் போடு, எலிங்க அள்ளட்டும். அடுத்த அறுவடைக்கு, எந்தத் தண்ணிக்கு உண்டு, எதுக்கு இல்லைன்னு கதிரைத் தொடறதுக்கு முன்னாடி பேசிடுங்க. ரெண்டு பேரும் காது கொடுத்துக் கேளுங்க."

யானை திரும்பியது. யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை. "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டது.

"முடிஞ்சுது."

கரை வந்ததும் கூரன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மேட்டுக்குப் போனது. அக்கம்பக்கத்து எலிகள் எல்லாம் வந்து மண் அள்ளின. யானை எதுவும் சொல்லாமல், வெயில் படாதபடி அவர்களுக்கு மேற்கே நின்றது. வளை முடியும்வரை அங்கிருந்து நகரவில்லை.

பொழுது சாய்வதற்குள் மூக்காயி உள்ளே போய்ப் பார்த்தது. தரை காய்ந்திருந்தது. அது அங்கேயே படுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் ஐந்து குட்டிகள் பிறந்தன.

வழக்கை யாரிடம் கொண்டுபோவது என்று ஒப்புக்கொண்ட சொல்லைக் காக்க வேண்டும். அங்கே போக முடியாதவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அந்தச் சொல்லைக் காப்பதில் சேர்ந்ததே.